முகத்தில் பூசுவது என்னவென்று தெரிந்து பூசுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளேட்டின் ஞாயிறு பதிப்பில், மகளிர் பகுதியில் அண்மையில் வெளிவந்த அழகுக் குறிப்புகளைப் படித்த பிறகு இக்கடிதத்தை எழுதுகிறேன். எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச்சோடாவைக் குழைத்து முகத்தில் தடவி, காய்ந்ததும் கழுவி வந்தால் கருமை நீங்கும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதே பக்கத்தின் அடியில், ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்று உறுதி கூறும் கிரீம் ஒன்றின் விளம்பரமும் இருந்தது. அதில் தயாரிப்பாளரின் பெயரோ முகவரியோ இல்லை. ஒரு கைப்பேசி எண் மட்டுமே இருந்தது. மலேசியாவின் பினாங்கில் மருந்தாளராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அந்தக் குறிப்பும் அந்த விளம்பரமும் நம் வாசகர்களின் தோலுக்கு என்ன செய்யக்கூடும் என்பதையும், கடைகளில் விற்கும் முகப்பூச்சுகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள பொருள்களில் எவை நமக்கு உதவும் என்பதையும் விளக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் வெள்ளையர் தோலிலும் நம் தோலிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை உண்டாக்கும் நிறமித் துகள்கள் எவ்வளவு பெரியவை, தோலின் மேலடுக்கில் அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இந்த உயிரணுக்கள் எளிதில் தூண்டப்படும். ஒரு பரு உடைந்தாலும், கொசுக்கடியைச் சொறிந்தாலும், காரமான பொருள் பட்டு எரிந்தாலும் அந்த இடத்தில் அவை நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். புண் ஆறிய பிறகும் கருந்தழும்பு நிற்பது இதனால்தான். நிறமி தோலின் மேலடுக்கில் மட்டும் தேங்கியிருந்தால் சில மாதங்களில் மங்கிவிடும். அடியடுக்கிற்குள் இறங்கிவிட்டால் மறைய ஆண்டுகள் ஆகும். தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் வகைப்பாடு 1975இல் வகுக்கப்பட்டபோது அதில் வெள்ளைத் தோலுக்கான வகைகளே இருந்தன. நம்மைப் போன்றோருக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன. வேறு தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பயன்பாட்டுக் குறிப்புகளை நாம் அப்படியே பின்பற்றுவதில் உள்ள ஆபத்தை இதிலிருந்து உணரலாம். எனவே எந்தப் பூச்சைக் கையில் எடுத்தாலும், அது என் தோலுக்கு எரிச்சல் தருமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். நிறத்தைப் பற்றிய கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்த அளவுகோலை முதலில் எலுமிச்சைக் குறிப்புக்கே வைத்துப் பார்ப்போம். நலமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5; இந்த அளவு குறையக் குறைய அமிலம் கடுமையாகும். எலுமிச்சைச் சாற்றின் அளவு 2 முதல் 3 வரைதான். ஆப்பச்சோடாவோ 8க்கு மேல் நிற்கும் காரம். இரண்டையும் கலந்தால் எது மிஞ்சுகிறதோ அது தோலைப் புண்ணாக்கும். இதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. நம் சந்தைகளில் கிடைக்கும் பச்சை எலுமிச்சையின் சாற்றிலும் தோலிலும் ஃபியூரோகுமரின் என்னும் பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்ட நிலையில் வெயில் விழுந்தால், தீப்பட்டது போன்ற கொப்புளமும், அதைத் தொடர்ந்து பல வாரங்கள் நீடிக்கும் கரும்பழுப்புக் கறையும் உண்டாகும். நண்பகலில் வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணமாகிவிட்ட இந்த மண்ணில், காலையில் எலுமிச்சை தடவிக் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இந்தக் குறிப்பு என்ன தரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். கருமை போக்குவதாகச் சொல்லப்படும் குறிப்பே கருமையைக் கொண்டு வந்து சேர்க்கிறது. வீட்டுச் சமையலறையில் இருப்பதெல்லாம் தோலுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. தயிரிலும் கடலை மாவிலும் பெரிய தீங்கு இல்லை. எலுமிச்சை வேறு.

அடுத்து, ஏழு நாளில் வெளுப்பாக்கும் கிரீம். நம் மேல்தோல் அடியிலிருந்து புதிதாக உருவாகி, மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகின்றன. வயது ஏற ஏற இன்னும் கூடுதலாகும். சட்டப்படி விற்கப்படும் எந்தப் பூச்சும் நிறமியைக் குறைத்துக் காட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களாவது தேவைப்படுவது இதனால்தான். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று வெளுத்தால், அந்த டப்பாவில் பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, ஸ்டீராய்டோ, டிரெட்டினோயினோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். சுகாதார அமைச்சு தடை செய்து வெளியிடும் ஒப்பனைப் பொருள்களின் பட்டியல்களில் இந்த நான்கும் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வருகின்றன. இரவுச் சந்தைகளிலும், சமூக ஊடக நேரலைகளிலும், வேலையிடத்துத் தோழியர் வழியாகவும் 'இரவு கிரீம், பகல் கிரீம்' என்று இணையாக விற்கப்படும் சிறு டப்பாக்கள் பலவற்றில் பொருள் பட்டியலே இருப்பதில்லை.

பாதரசம், மெலனின் என்னும் தோல் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்னும் நொதியத்தை முடக்குகிறது. அதனால் முகம் வெளுப்பது உண்மைதான். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உடலுக்குள் ஊடுருவிச் சிறுநீரகத்தில் தங்குகிறது; நரம்புகளையும் பாதிக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் வெளியேறும் அரியவகைச் சிறுநீரகக் கோளாறுடன் 2021க்கும் 2023க்கும் இடையே வந்த நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பலர் வெளுப்பு கிரீம் பயன்படுத்தியவர்கள் என்பதைக் கண்டறிந்து மருத்துவ இதழில் வெளியிட்டனர். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். பூசுபவருக்கு மட்டும் உள்ள தீங்கு அன்று இது. பாதரசம் ஆவியாகக் கூடியது. பூசிய முகம் படும் தலையணையிலும் துண்டிலும் ஒட்டக்கூடியது. அதைப் பூசிய தாயின் கன்னத்தோடு கன்னம் வைத்து உறங்கும் கைக்குழந்தைக்கும் அது போய்ச் சேருகிறது. ஆசியான் நாடுகளின் ஒப்பனைப் பொருள் விதிகள், தவறிக் கலந்துவிடும் மாசாகக்கூடப் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட கிரீம்களில் அது இந்த வரம்பைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருந்ததுண்டு. பட்டியல் அச்சிடப்பட்டிருந்தால் கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் ஐயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி ஆகிய பெயர்களைத் தேட வேண்டும். தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பூசவும் என்ற எச்சரிக்கை டப்பாவில் இருந்தால், அதுவே பாதரசத்தின் அடையாளம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டுகிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் வெளுப்பு கிரீம்களின் ஆபத்தைக் குறித்து நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது.

ஹைட்ரோகுவினோனின் கதை வேறு. தோல் மருத்துவர் ஒருவர், முகத்தில் கரும்படையாகத் தோன்றும் மங்குக்காகக் குறிப்பிட்ட அளவில், சில மாதங்களுக்கு மட்டும் எழுதித் தந்து, இடையிடையே பார்த்து வந்தால் அது பயனுள்ள மருந்து. கண்காணிப்பின்றி ஆண்டுக்கணக்கில் பூசினால், நீலங்கலந்த கருமை தோலில் படியும் ஒக்ரோனோசிஸ் என்னும் நிலை ஏற்படலாம். கறுப்பை நீக்கப் பூசியது நீங்காத கறுப்பாகிறது. அதைக் குணப்படுத்துவது மிகக் கடினம். டிரெட்டினோயின் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. பருவுக்கும் வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் நெடுங்காலமாகப் பயன்படும் நல்ல மருந்து. ஆனால் தோலை உரித்துச் சிவக்க வைக்கும். கருவுற்றிருக்கும் பெண்கள் அறவே தவிர்க்க வேண்டியது. தான் பூசும் கிரீமில் அது இருப்பதே தெரியாத ஒரு பெண் கருவுறும்போது அதை எப்படித் தவிர்ப்பாள்?

இந்த நான்கிலும் என் பணிக்காலத்தில் நான் அதிகம் கண்டு வருந்தியது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீம்கள் கரப்பான் முதலிய நோய்களுக்கு இன்றியமையாதவை. அவற்றை முகத்தில் நாள்தோறும் பூசினால் முதல் சில வாரங்களில் முகம் மிக அழகாகத் தெரியும். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், நிறம் தெளியும். பிறகு தோல் மெலிந்து, கன்னங்களில் சிவந்த நுண்குழாய்கள் வெளித்தெரியத் தொடங்கும். பரு கூட்டமாக வரும். மெல்லிய முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரிந்து சிவக்கும். அந்த எரிச்சலைத் தாங்க முடியாமல் மறுபடியும் அதையே பூசுவார்கள், பூசியதும் அடங்கும். இதனால்தான் அந்தக் கிரீம் நல்லது, அதை நிறுத்தியதுதான் தவறு என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். திருமணத்திற்குச் சில மாதங்களே இருக்கும் இளம்பெண்கள் இந்த நிலையில் மருந்தகத்துக்கு வந்து, அந்தக் கிரீமின் பெயரைச் சொல்லவும் கூசி நின்றதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர்.

இத்தகைய கிரீம்களை விற்பது குற்றம். 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, முதல் குற்றத்திற்குத் தனிநபருக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்று ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் அபராதம் 50,000 வெள்ளி வரை. ஒப்பனைப் பொருள் எதுவாயினும் விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்டு, ஓர் எண் பெற்றிருக்க வேண்டும். என், ஓ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, இடையில் இலக்கங்களும் இறுதியில் கே என்னும் எழுத்தும் வரும் எண் அது. அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் பொருளின் பெயரையோ எண்ணையோ இட்டு எவரும் சரிபார்க்கலாம். ஆயினும் இந்த எண்ணுக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 2008 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில் தயாரிப்பாளரே தம் பொருளைப் பற்றி அறிவிக்கிறார். அமைச்சு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதில்லை. சந்தைக்கு வந்த பிறகு மாதிரிகளை எடுத்துச் சோதித்து, நஞ்சு இருப்பது தெரிந்தால் அறிவிப்பை இரத்து செய்கிறது. ஆகவே எண் இல்லாத பொருளை வாங்கவே கூடாது. எண் இருக்கும் பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. எம், ஏ, எல் என்று தொடங்கும் எண் மருந்துக்குரியது. ஒரே டப்பாவில் வெளுப்பாக்கும் கிரீம் என்ற உரிமைகோரலும் போலியான மருந்து எண்ணும் சேர்ந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, நல்ல பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். பொருள் பட்டியல் எடை அளவில் இறங்குவரிசையில் எழுதப்படுவது. முதலில் நிற்பது பெரும்பாலும் தண்ணீர். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பூச்சு கெடாமல் காக்கும் பினாக்சிஎத்தனால் என்னும் பதனப்பொருளைப் பல பட்டியல்களில் காணலாம். அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1 விழுக்காடு. ஆகவே அதற்குப் பின்னால் எழுதப்பட்டவை யாவும் ஒரு விழுக்காட்டைத் தாண்டாதவை. முன்பக்கத்தில் கஸ்தூரி மஞ்சளும் குங்குமப்பூவும் பெரிய படமாக இருந்து, பின்பக்கத்தில் அவை நறுமணத்திற்கும் பிறகு கடைசியில் நின்றால், வாசகர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பது விளங்கும். ரெட்டினால் போன்ற சில பொருள்கள் மட்டும் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும்; அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நம் தோலுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நியாசினமைட். இது வைட்டமின் பி3. மெலனோசைட்டில் உருவான நிறமித் துகள்கள் அண்டை உயிரணுக்களுக்குள் போய்ச் சேருவதை இது தடுக்கிறது. தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு கொழுப்புகளையும் கூட்டுகிறது. 2 முதல் 5 விழுக்காடு போதும். பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று போட்டி போட்டு விற்கப்படுபவை கூடுதல் பயன் தருவதைவிடக் கூடுதல் எரிச்சல் தரவே வாய்ப்புண்டு. விலை குறைவு, வெயிலில் தொல்லை இல்லை, பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது அசிலேயிக் அமிலம். பருவையும் பரு விட்டுச் சென்ற கருந்தழும்பையும் ஒருசேரக் கவனிக்கும் பொருள் இது. 15 முதல் 20 விழுக்காடு அளவில் மருந்தாகத் தரப்படுகிறது. கருவுற்ற பெண்களுக்கும் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது இதன் தனிச்சிறப்பு. மங்கு பெரும்பாலும் கருவுற்ற காலத்தில்தான் தொடங்குகிறது என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். இத்தனை நல்ல பொருளைப் பற்றி நம் அழகுக் குறிப்புகளில் ஒரு வரிகூட வருவதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வைட்டமின் சி நல்லதுதான்; ஆனால் நம் தட்பவெப்பத்தில் அதைப் பாதுகாப்பது எளிதன்று. தூய அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் செல்ல அதன் கரைசல் மிகுந்த அமிலமாக இருக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கெட்டுவிடும். பழுப்பு நிறமானதை இன்னும் காசு கொடுத்த பொருளாயிற்றே என்று பூச வேண்டாம். கோஜிக் அமிலம் ஜப்பானிய அரிசி நொதிப்பிலிருந்து அறியப்பட்டது. பயன் உண்டு, ஆனால் ஒவ்வாமை ஏற்படுத்தும் இயல்பும் உண்டு. அதைச் சோப்பாகப் போட்டு உடலெங்கும் தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கரும்பிலிருந்து அறியப்பட்ட கிளைகாலிக் அமிலமும், பாலிலிருந்து அறியப்பட்ட லாக்டிக் அமிலமும் இறந்த உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பிடிப்பைத் தளர்த்தி உதிர்க்கின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் துவாரங்களுக்குள் இறங்கி அடைப்பை நீக்கும். எண்ணெய் வழியும் முகத்திற்கும் பருவுக்கும் 2 விழுக்காடு வரை ஏற்றது. மூலக்கூறு பெரியதாக இருப்பதால் லாக்டிக் அமிலம் கிளைகாலிக்கைவிட மென்மையாக நடந்துகொள்ளும். நம் தோலுக்கு அதையே தேர்ந்தெடுப்பேன். அமிலம் பூசிய தோல் வெயிலில் எளிதில் பாதிக்கப்படும். அழகு நிலையங்களில் அதிக அடர்த்தியுள்ள அமிலத்தால் தோலை உரிக்கும் சிகிச்சையை, தோல் மருத்துவரின் மேற்பார்வை இன்றிச் செய்துகொண்டு, நெற்றியிலும் கன்னத்திலும் படை படையாகக் கருத்துப்போய் வருபவர்கள் உண்டு. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என அங்கே சொல்லப்படுகிறது. நம் தோலில் எரிச்சலுக்கு ஒரே அர்த்தம்தான்: அடுத்த மாதம் அந்த இடம் கருக்கப்போகிறது.

ரெட்டினால், டிரெட்டினோயினின் மென்மையான உறவு. தோலில்தான் அது படிப்படியாக வீரியமுள்ள வடிவத்திற்கு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முகப்பூச்சுகளுக்கு அதன் அளவை 0.3 விழுக்காடாக வரையறுத்தது. வாரத்திற்கு இரண்டு இரவுகள் என்று தொடங்கி, தோல் பழகிய பிறகே கூட்ட வேண்டும். கருவுற்றிருந்தால் தவிர்க்க வேண்டும். ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி மூன்றையும் ஒரே வாரத்தில் வாங்கி ஒரே இரவில் அடுக்கிப் பூசும் பழக்கம் இளையோரிடம் பரவியிருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருளை மட்டும் தொடங்கி, சில வாரங்கள் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். தொந்தரவு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வெயில்காப்புப் பூச்சு. கறுத்த தோலுக்கு அது தேவையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மங்கையும் பருத்தழும்பையும் வெயில்தான் மறுபடி மறுபடி எழுப்புகிறது. காப்பு இல்லாமல் எத்தனை விலை கொடுத்து எந்தப் பூச்சைப் பூசினாலும், ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றிய கதைதான். டப்பாவில் எஸ்.பி.எஃப். என்று குறிக்கப்படும் காப்பு அளவு 30 என்பது புற ஊதா பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிது. எவ்வளவு பூசுகிறோம் என்பதே பெரிது. முகத்திற்கும் கழுத்திற்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசினால்தான் டப்பாவில் எழுதியுள்ள காப்பு கிடைக்கும். வியர்த்தால் மீண்டும் பூச வேண்டும். புற ஊதா ஏ கதிர் கார்க் கண்ணாடியையும் அலுவலகச் சாளரத்தையும் ஊடுருவும். அதோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியே நம்மைப் போன்ற தோலைக் கருக்கச் செய்கிறது என்பதையும், வெள்ளைத் தோலில் அது அவ்வாறு செய்வதில்லை என்பதையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஒளியைச் சாதாரண வெயில்காப்பு தடுக்காது; இரும்பு ஆக்சைடு சேர்த்த, பழுப்புச் சாயல் கொண்ட பூச்சே தடுக்கும். மங்கு உள்ளவர்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி வாங்கலாம். துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் நம் முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிகின்றன என்று வெயில்காப்பையே கைவிட்டவர்களுக்கும் இந்தச் சாயல் பூச்சு ஏற்றதாக இருக்கும்.

ஈரங்காக்கும் பொருள்களைப் பொறுத்தவரை விலைக்கும் பயனுக்கும் தொடர்பே இல்லை. கிளிசரின் மிக மலிவானது. தோலில் நீரை ஈர்த்து வைப்பதில் ஹயலூரோனிக் அமிலத்திற்குச் சற்றும் தாழ்ந்ததன்று. வெடித்த குதிகாலுக்கு யூரியா சேர்ந்த கிரீம். வறண்டு பிளந்த கைகளுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி. தோலிலிருந்து நீர் வெளியேறுவதை அதைப்போல் தடுக்கும் பொருள் வேறில்லை. அரசாங்க கிளினிக்குகளில் பரவலாகத் தரப்படும் ஏக்குவஸ் கிரீமைச் சோப்புக்கு மாற்றாகப் பூசிக் கழுவிவிட வேண்டும். அதில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால், கழுவாமல் விடும்போது சிலருக்குத் தோலை மெலியச் செய்து எரிச்சல் தரும். தேங்காய் எண்ணெய் கைகால்களின் வறட்சிக்கு மிக நல்லது. பருவுள்ள முகத்திலும், பொடுகுள்ள தலையிலும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு இத்தகைய எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களே உணவு.

பதனப்பொருள்களைப் பற்றிய அச்சமும் அளவுக்கு மீறிப் போய்விட்டது. பாரபென் என்னும் பதனப்பொருள் இல்லாதது என்று பெருமையாக அச்சிட்ட பல பொருள்களில் அதற்குப் பதிலாக மெத்தில்ஐசோதயசோலினோன் சேர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் ஒவ்வாமை பெருமளவில் பரவியது. 2013இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அதே சங்கம் 2019இல் பாரபெனை ஒவ்வாமை தராத பொருளாக அறிவித்தது. பதனப்பொருளே இல்லாமல் வீட்டில் செய்து புட்டியில் அடைத்து விற்கும் கற்றாழைப் பூச்சில், நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நாட்களிலேயே கிருமிகள் பெருகிவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு பொருள்களையும் குறிப்பிட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளியை உண்டாக்குகிறது. அரிப்போ நிறம் மங்கலோ தெரிந்த உடனே ஒட்டுவதை நிறுத்த வேண்டும். தலைச்சாயத்திலும் கறுப்பு மருதாணியிலும் உள்ள பி.பி.டி. என்னும் சாயப்பொருள் கடும் ஒவ்வாமையை மட்டுமன்றி, நெற்றியிலும் கன்ன ஓரங்களிலும் சாம்பல் நிறக் கருமையையும் கொண்டு வரும். பலர் அதற்கு வெயிலின் மீது பழி போட்டுவிட்டு வெளுப்பு கிரீம் தேடுகிறார்கள்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கருத்திருந்தால், அதைத் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். இந்நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை நாம் அறிவோம். அழுக்கு என்று பிள்ளைகளின் கழுத்தை நார் போட்டுத் தேய்க்கும் பெற்றோர், அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது இரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கக் கேட்க வேண்டும்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. ஒன்று, ஒப்பனைப் பொருள் விளம்பரத்தை ஏற்கும் முன் அதன் அறிவிப்பு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து, விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். மருந்து விளம்பரங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியத்தின் ஒப்புதல் கேட்கப்படுவது தங்கள் விளம்பரப் பிரிவுக்குத் தெரிந்ததே. ஓர் இணையத் தேடலில் முடியும் வேலையை முகப்பூச்சுக்கும் செய்யலாம். எண் தர மறுப்பவரின் விளம்பரத்தால் வரும் வருமானம் தங்களுக்கு வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த எத்தனையோ தாய்மார்கள், தங்கள் ஏட்டில் வந்தாலே அது நம்பத் தகுந்தது என்று எண்ணுகிறவர்கள். மற்றொன்று, மகளிர் பகுதியில் வாரம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது என்ன செய்யும், எவ்வளவு பூசலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பதை ஒரு மருந்தாளரையோ தோல் மருத்துவரையோ கொண்டு தமிழில் எழுதச் செய்ய வேண்டும். நம் சமூகத்தில் இளம் மருந்தாளர்களுக்குக் குறைவில்லை, கேட்டால் எழுதுவார்கள். எழுத ஆள் கிடைக்காத வாரங்களுக்கு நான் எழுதித் தரவும் அணியமாக இருக்கிறேன்.

எண் இல்லாத கிரீமை இப்போது பூசிவரும் வாசகர்களுக்கு ஒரு சொல். அதைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். டப்பாவை இறுக மூடி, பிளாஸ்டிக் பையில் போட்டு, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால், நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முகம் சிவந்து எரியக்கூடும். அதை எப்படிக் கடப்பது என்பதை அவர் வழிகாட்டுவார். கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ, கைநடுக்கமோ இருந்தால் மறைக்காமல் சொல்லி, சிறுநீரையும் சோதிக்கக் கேளுங்கள். குழந்தையை உடன் படுக்க வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கிரீமை எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்பதை மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குத் தெரிவித்தால், அதே டப்பா இன்னொருவர் கைக்குப் போவதைத் தடுக்க அவர்களால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.